மாப்ளயோட ஆயிரம் வாட்ஸ்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு போன் அடிச்சுது. அந்த நேரத்துக்கு எனக்கு போன் பண்றது ரெண்டே பேருதான். ஒண்ணு பால்காரர், இல்லன்னா என் மச்சினன்.

மச்சினன்.

"அத்தான், வண்டிக்கு சிஸ்டம் போட்டாச்சு. ஆயிரம் வாட்ஸ்!"

(வீட்டுக்காரியோட தம்பி. பாளையங்கோட்டைக்காரன், வேலை சென்னைல. செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்கி மூணு வாரம் ஆகுது. ஆயில் மாத்துனியான்னு கேட்டப்போ பதிலே வரல. ஸ்பீக்கர் மட்டும் மாத்திட்டான்.)

"ஆயிரம் வாட்ஸுன்னு யாரு சொன்னா மாப்ள?"

"பெட்டிலயே போட்டிருக்கு அத்தான். ஒரு ஸ்பீக்கர் 250. நாலு போட்டிருக்கேன். நீங்களே பெருக்கிக்கோங்க."

பெருக்கினேன். வாய்ப்பாடு சரி. மத்ததெல்லாம் தப்பு.

அவன் மேல எனக்குக் கோவம் வரல. அந்தப் பெட்டி மேலதான் வந்துச்சு. ஏன்னா பத்து வருஷம் முன்னாடி, கார் சாமான் விக்கற சென்னை ஜி.பி. ரோட்டுல, இதே மாதிரி ஒரு பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்தவன் நான்.

இந்த வாட்ஸ் கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சது. தொண்ணூறுகள்ல ரேடியோவும் கேசட்டும் சேந்த டூ-இன்-ஒன் வாங்கின வீடுகளுக்குத் தெரியும். முன்னாடி பளபளன்னு ஸ்டிக்கர் இருக்கும்: "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." எங்க வீட்டுக்கு ஒண்ணு வந்தப்போ அப்பா அதச் சுத்திச் சுத்தி வந்தார். முகத்துல ஒரே கவலை.

"ஏல, நம்ம இஸ்திரிப் பெட்டியே 750 வாட்ஸ்தான. இது அத விட ஜாஸ்தி இழுக்குமா? கரண்டு பில்லு யாரு கட்டுவா?"

அப்புறம் அதத் தூக்கித் திருப்பினார். பின்னாடி சின்ன எழுத்துல இருந்துச்சு, அது எடுத்துக்கற மின்சாரம் 25 வாட்ஸ்னு.

25 வாட்ஸ் உள்ள போயி 1000 வாட்ஸா வெளிய வருதுன்னா நெய்வேலிய இழுத்து மூடிட்டு தெருவுக்கு ஒரு டூ-இன்-ஒன் வெச்சுடலாம். அப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனா ரேஷன் கடைத் தராசப் பாத்தே வளந்தவர். போட்டதுக்கு மேல வராதுன்னு தெரியும். "பயலுவ ஏமாத்துதானுவ"ன்னு சொல்லிட்டு நிம்மதியா பாட்டுப் போட்டார்.

பி.எம்.பி.ஓ.ன்னா பீக் மியூசிக் பவர் அவுட்புட். பேரு நல்லா இருக்கு. எப்படி அளக்கணும்கறதுக்கு மட்டும் எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு விதி கிடையாது. அமெரிக்கால 1974லயே வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்துக்கு "இப்படி அளந்துதான் சொல்லணும்"னு அரசாங்கம் சட்டம் போட்டுடுச்சு. நம்ம டூ-இன்-ஒன்னுக்கு ஸ்டிக்கர் ஒட்டினவர் மனசுதான் சட்டம்.

இப்போ அந்தப் பேரு போயிடுச்சு. கார் ஸ்பீக்கர் பெட்டில "மேக்ஸ்"னு வந்திருக்கு. ஆள் அதே ஆள்தான், சட்டை வேற.

நீங்க தேட வேண்டியது ஆர்.எம்.எஸ்.னு ஒரு சின்ன எழுத்து. பெட்டியோட பக்கவாட்டுல, சில சமயம் அடில, பார்கோடுக்குப் பக்கத்துல வெக்கப்பட்டு நின்னுட்டிருக்கும்.

வித்தியாசம் என்னன்னா, எங்க ஊர்ல ஒருத்தர் கல்யாண வீட்டுல பந்தயம் கட்டி 32 இட்லி சாப்பிட்டார். நானே பாத்தேன். அது மேக்ஸ். தினமும் காலைல அவர் வீட்டுல சாப்பிடறது ஆறு. அது ஆர்.எம்.எஸ். அவருக்கு தினமும் 32 வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஸ்பீக்கர் காயிலுக்கும் அதேதான் ஆகும்.

மச்சினன் பெட்டியத் திருப்பிப் பாக்கச் சொன்னேன்.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

"45ன்னு போட்டிருக்கு அத்தான்."

சரி, நாலு 45, 180 வாட்ஸ் வருதேன்னு கேட்டான். அங்கதான் ரெண்டாவது குழப்பம். இது எனக்கே ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

ஸ்பீக்கர் வாட்ஸைக் குடுக்கறதில்ல. வாங்கிக்குது. 45ன்னா "45 வரைக்கும் தொடர்ந்து அனுப்பினா தாங்குவேன்"னு அர்த்தம். நூறு கிலோ தூக்கக்கூடிய லோடுமேன்கிட்ட இருபது கிலோ பையக் குடுத்தா அவர் தூக்கறது இருபது கிலோதான? குடுக்கறது யாரு? டேஷ்போர்டுல இருக்கற ஸ்டீரியோ. அதோட மூஞ்சில என்ன எழுதியிருக்கு? "50 வாட்ஸ் × 4."

அதுவும் அளப்புதான். ஆனா இந்த அளப்புக்குப் பின்னாடி ஒரு அழகான கணக்கு இருக்கு. கணக்கு பிடிக்காதவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடுங்க.

வண்டி ஓடும்போது கார்ல இருக்கற மின்சாரம் 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. கணக்குக்கு 14.4ன்னு வெச்சுக்குவாங்க. கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். ஸ்டீரியோவுக்குள்ள வோல்டேஜ ஏத்தற வேலை எதுவும் நடக்கறதில்ல. அதனால ஸ்பீக்கருக்கு எந்தப் பக்கம் தள்ளினாலும் உச்சம் அந்த 14.4தான். பாட்டு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற அலையா இருந்தா, 14.4ஐ வர்க்கம் பண்ணி 8ஆல வகுக்கணும். 26 வாட்ஸ் வரும். அதுவும் ஏட்டுல. நிஜத்துல உள்ள கொஞ்சம் விரயம் ஆகி, சத்தம் கெடாம வர்றது 18, 20 வாட்ஸ். அப்ப 50 எங்க இருந்து வந்துச்சு? அலையோட தலையையும் காலையும் வெட்டி, கட்டம் கட்டமா ஆக்கி, முழு 14.4 வோல்ட்டையும் இடைவிடாம ஸ்பீக்கர் மேல போட்டா, வர்க்கம் பண்ணி 4ஆல வகுக்கணும்.

51.84.

பாத்தீங்களா? அந்த 50 ஆகாசத்துல இருந்து குதிக்கல. கேக்கவே முடியாத கர்ண கொடூரமான சத்தத்துல கிடைக்கற வாட்ஸ் அது. எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு வீட்டுக்காரிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி, கேஸ் புக் பண்ணியாச்சா?"ன்னு கேட்டா.

கணக்கு வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. ஸ்டீரியோவக் கழட்டும்போது பின்னாடி ஃபியூஸப் பாருங்க. என்னோடதுல 10 ஆம்பியர். 14.4 வோல்ட், 10 ஆம்பியர், மொத்தமே 144 வாட்ஸ். அதுலயும் நல்ல பங்கு சூடாப் போயிடும் (அதுக்குத்தான் பின்னாடி அந்த அலுமினியச் சீப்பு). இந்த லட்சணத்துல தொடர்ந்து 200 வாட்ஸ் எப்படி வெளிய வரும்?

ஆக மச்சினன் வண்டில நிஜமா ஓடறது நாலு பதினெட்டு, 72 வாட்ஸ்.

"அப்ப மிச்சம் 928 வாட்ஸ் எங்க அத்தான்?"

"கடைக்காரர் கல்லாவுல."

வாட்ஸ் கதை போதும். என் கதைக்கு வரேன்.

பத்து வருஷம் முன்னாடி என்கிட்ட இருந்தது ஒரு சின்ன ஹேட்ச்பேக். பேரு வேண்டாம். முன் கதவுல கம்பெனிலயே போட்டுக் குடுத்த ஸ்பீக்கர். கழட்டிப் பாத்தா காகிதக் கூம்பு, பின்னாடி ஒரு ரூபா காசு மாதிரி காந்தம். இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் எங்கயோ பக்கத்து வீட்டுல வாசிக்கற மாதிரி கேக்கும். எனக்கு அந்த பேஸ் வேணும். அதுக்காகத்தான் ஜி.பி. ரோடு போனேன்.

கடைல இருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ வாட்ஸ் பாக்கறீங்க சார்?"

அவர் கேட்டிருக்க வேண்டியது, "உங்க கதவுல ஓட்டை எவ்ளோ பெருசு சார்?"

ரெண்டு பேருக்குமே அது தோணல. நான் வாங்கினது 6க்கு 9 இஞ்ச். முட்டை வடிவத்துல இருக்குமே, அது. ஏன்னா கடைல இருந்ததுலயே அதான் பெருசு. பெட்டில 500 வாட்ஸ். போதாதா?

6க்கு 9ங்கறது டிக்கி தனியா இருக்கற வண்டிக்குப் பொறந்தது. பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கற தட்டுல அதப் பதிச்சா, மூடின டிக்கி மொத்தமும் அதுக்குப் பெட்டியா வேலை செய்யும். என் வண்டில இருந்தது டிக்கி கதவோட சேந்து மேல தூக்கற ஒரு அட்டைத் தட்டு. அதுல ஓட்டை போட்டு மாட்டினா ஸ்பீக்கரோட எடைக்குத் தட்டு தொங்குது. சரின்னு பிளைவுட்ல தட்டு அடிச்சோம். இப்போ ஸ்பீக்கர் நின்னுச்சு, தட்டு ஆடுச்சு. பேஸ் வரும்போதெல்லாம் தட்டு 'கடகடகட'ன்னு தாளம் போடும். பாட்டு மொத்தமும் முதுகுக்குப் பின்னால இருந்து வரும். பின் சீட்டுல ஒரு மைக் செட்காரர் உக்காந்துட்டு ஊருக்கு வர்ற மாதிரி.

ஊருக்குப் போகும்போது ரெண்டு சூட்கேஸ் வெக்கணும்னா தட்டக் கழட்டணும். தட்டக் கழட்டினா பாட்டு கிடையாது. ஆக பாட்டுக் கேக்கவே வாங்கின ஸ்பீக்கர், சென்னை டு திருநெல்வேலி பத்து மணி நேரப் பயணத்துல மட்டும் வீட்டுல இருக்கும்.

(சிரிக்காதீங்க. ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.)

அப்புறம்தான் உக்காந்து அளவப் பத்திப் படிச்சேன். கார் ஸ்பீக்கர்ல அடிக்கடி பாக்கறது 4 இஞ்ச், 5.25, 6.5, அப்புறம் அந்த 6க்கு 9. சென்டிமீட்டர்ல போட்டா 10, 13, 16 அல்லது 17னு எழுதுவாங்க. இதெல்லாம் ஸ்பீக்கர் ஃபிரேமோட சுமாரான வெளி அளவு. காத்தத் தள்ளற கூம்பு அதவிடச் சின்னது. கதவுல வெட்ட வேண்டிய ஓட்டையும் வேற அளவு. 6.5ன்னு எழுதின ரெண்டு கம்பெனி ஸ்பீக்கர வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஸ்க்ரூ ஓட்டை பொருந்தாம போகலாம்.

அளவு ஏன் முக்கியம்னா, பேஸ்ங்கறது காத்தத் தள்ளற வேலை. 4 இஞ்ச்ல இருந்து 6.5க்குப் போனா பரப்பு ரெண்டரை மடங்குக்கு மேல. மினி ஊத்தப்பத்துக்கும் முழு ஊத்தப்பத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆனா 6.5ல இருந்து 6க்கு 9 போனா? கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான் அதிகம். அந்தக் கால் பங்குக்காக நான் டிக்கியையே இழந்தேன்.

இன்னொண்ணு. அதே சத்தத்துல ஒரு ஸ்தாயி கீழ இறங்கணும்னா நாலு மடங்கு காத்தத் தள்ளணும். பேஸ் கிட்டாரோட கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ். 4 இஞ்ச் ஸ்பீக்கர் அங்க போக எவ்வளவு முக்கினாலும் நடக்காது. அந்த சுரத்தோட மேல் நிழல மட்டும் குடுத்து நம்ம காத ஏமாத்தும். நம்ம காதும் ஏமாறும், நல்ல காது.

ரெண்டாவது முயற்சி: முன் கதவுக்கு 6.5. இந்தத் தடவை உஷார், டேப் வெச்சு ஓட்டைய அளந்துட்டுப் போனேன். பொருந்துச்சு. கதவ மூடியாச்சு. பாட்டு பிரமாதம். வண்டிய எடுத்துட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

பரனூர் டோல். ஃபாஸ்டேக் கட்டாயம் ஆகாத காலம். காசு குடுக்கக் கண்ணாடிய இறக்கினா, பாதில 'டொக்'.

மறுபடி அழுத்தினேன். 'டொக்.'

கதவுக்குள்ள கண்ணாடி இறங்கற வழில ஸ்பீக்கரோட காந்தம் நிக்குது! அகலத்த அளந்தேன், ஆழத்த அளக்கல. பின்னாடி ஹாரன் அடிக்க, கதவத் திறந்து பாதி உடம்ப வெளிய விட்டு காசு குடுத்தேன். திருநெல்வேலி வரைக்கும் ஒவ்வொரு டோல்லயும் அப்படியே. ஒரு டோல்ல அந்தம்மா, "இறங்கணும்னு அவசியமில்ல சார்"னாங்க. மரியாதைக்கு இறங்கறேன்னு நெனச்சாங்க போல.

தீர்வு என்னமோ சின்னதுதான். ஸ்பீக்கருக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவுல அரை இஞ்ச் தடிமன்ல ஒரு வளையம். கடைல ஸ்பேசர்னு கேட்டா பிளாஸ்டிக்ல கிடைக்கும், மரக்கடைல சொன்னா வெட்டியும் தருவாங்க. அந்த அரை இஞ்ச்சுக்காக நான் பட்ட பாடு!

(அளக்கும்போது கண்ணாடிய முழுசா இறக்கிட்டு, தகரத்துல இருந்து கண்ணாடி வரைக்கும் அளங்க. பெட்டில "மவுண்டிங் டெப்த்"னு ஒரு எண் இருக்கும். அது இதவிடக் குறைவா இருக்கணும்.)

இன்னொரு எண் இருக்கு. கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அது பெருசா மாறாது, பாக்க சப்புன்னு இருக்கும். சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்னா எத்தன டெசிபல் கேக்குதுங்கறது. ஒரு ஸ்பீக்கர்ல 86, இன்னொண்ணுல 92ன்னு இருந்தா, "ஆறுதானே வித்தியாசம்"னு தோணும். ஆனா டெசிபல்ல ஒவ்வொரு 3க்கும் வாட்ஸ் ரெட்டிப்பாகணும். 92 ஸ்பீக்கர் 20 வாட்ஸ்ல போடற சத்தத்த 86 ஸ்பீக்கர் போட 80 வாட்ஸ் வேணும். ஆம்ப்ளிஃபையர் இல்லாம வெறும் ஸ்டீரியோல ஓட்டறவங்களுக்கு இந்த எண்தான் எல்லாமே. 90க்கு மேல இருந்தா வாங்குங்க, மேக்ஸ் வாட்ஸ மறந்துடுங்க. (இதுலயும் ஒரு தில்லுமுல்லு உண்டு. "2.83 வோல்ட்"ல அளந்தேன்னு போட்டிருந்தா, 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட் இல்ல, ரெண்டு வாட். 3 டெசிபல் இனாம். கழிச்சுக்கோங்க.)

மூணாவது கூத்து. நானே ஒயர் மாத்தறேன்னு இறங்கினேன். முடிச்சுட்டுப் பாட்டுப் போட்டா பேஸே காணோம். குரல் நடுவுல நிக்காம ரெண்டு பக்கமும் சிதறுது. ஸ்பீக்கர் போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். எங்க தெரு மெக்கானிக் அண்ணன் வந்து பாத்தார். பாக்கெட்ல இருந்து ஒரு பென்சில் பேட்டரிய எடுத்து ரெண்டு ஒயர்லயும் லேசாத் தொட்டார். ஒரு கதவுல கூம்பு வெளிய எழும்புச்சு. இன்னொண்ணுல உள்ள போச்சு.

"தலைகீழாக் குடுத்திருக்கீங்க தம்பி. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ரெண்டும் சேந்து என்னத்தப் பாடும்?"

ஒன்றரை வோல்ட் பேட்டரி. அஞ்சு நிமிஷம். காசு வாங்கல, டீ மட்டும் குடிச்சார்.

அவர்தான் கதவுக்குள்ள ஷீட் ஒட்டச் சொன்னதும். ஸ்பீக்கர் முன்னால தள்ளற காத்து ஒண்ணு, பின்னால இழுக்கற காத்து ஒண்ணு. ரெண்டும் கதவு ஓட்டை வழியா சந்திச்சா அடிச்சுக்கிட்டு பேஸ் செத்துடும். உள் தகரத்துல இருக்கற பெரிய ஓட்டைகள அடைச்சு, வெளித் தகரத்துல பியூட்டைல் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கரச் சுத்தி ஃபோம் வெச்சோம். (மழைத் தண்ணிக்காக இருக்கற பிளாஸ்டிக் தாளக் கிழிச்சு எறிஞ்சுடாதீங்க. அடுத்த ஐப்பசில கால் வெக்கற இடத்துல குளம் கட்டும். கீழ தண்ணி வடியற ஓட்டையையும் அடைச்சுடாதீங்க.) ஸ்பீக்கர் விலைல பாதி கூட ஆகல. ஆனா நான் அதுவரைக்கும் செஞ்ச எல்லாத்தையும் விட அதுதான் அதிகமா மாத்துச்சு. கதவ மூடினாலே 'டங்'னு இல்லாம 'தொப்'னு பெரிய வண்டி மாதிரி கேட்டுச்சு. முதல் தடவையா அந்த பேஸ் கிட்டார் எங்க வண்டிக்குள்ள வாசிச்சுது.

ஆம்ப்ளிஃபையர் போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம். அது 12 வோல்ட்ட உள்ள ஏத்திக்கும், அதனால நிஜமாவே 50, 75 வாட்ஸ் குடுக்கும். பெட்டில சி.ஈ.ஏ.-2006னு இருந்தா நம்பலாம். 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல சத்தம் கெடாமன்னு எல்லாரும் ஒரே மாதிரி அளக்கணும்னு 2003ல வந்த தரம் அது. சப்வூஃபர் பத்தி நான் பேசல. எங்க தெருல ஒருத்தர் வெச்சிருக்கார், ராத்திரி அவர் வண்டி திரும்பும்போது எங்க வீட்டு ஜன்னல் கம்பி பாடுது. அது தனிக் கோவம்.

"கம்மி வாட்ஸ் செட்ல பெரிய ஸ்பீக்கர் போட்டா ஸ்பீக்கர் எரிஞ்சுடும்"னு கடைல பயமுறுத்துவாங்க. முழுப் பொய்யும் இல்ல. வாட்ஸ் கம்மிங்கறதால எரியாது. சத்தம் பத்தலன்னு நாம வால்யூம கடைசி வரைக்கும் முறுக்கறோம் பாருங்க, அப்போ அலையோட தலை வெட்டுப்படும் (மேல சொன்ன அந்த 51.84 கதை). அந்தச் சூடுதான் எரிக்கும். முதல்ல போறது பாவம், அந்தக் குட்டி ட்வீட்டர். பாட்டு கரகரன்னு ஆனதும் ரெண்டு புள்ளி குறைச்சுட்டா ஒண்ணும் ஆகாது.

சாயந்தரம் மச்சினன் வண்டியோட வீட்டுக்கு வந்தான். மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. பெட்டிய வாங்கிப் பாத்தேன். சென்சிட்டிவிட்டி 91. கண்ணாடி முழுசா இறங்குது. நாலு கதவுலயும் பேட்டரி வெச்சுத் தொட்டேன், நாலும் வெளிய எழும்புது. உக்காந்து ரெண்டு பாட்டுக் கேட்டேன். நல்லாவே பாடுது. 72 வாட்ஸ்ல.

"பணம் வீணாப் போகலயே அத்தான்?"

"இல்ல மாப்ள. கதவுக்கு மட்டும் ஷீட் ஒட்டிடு."

"ஆனா அக்காகிட்ட ஆயிரம் வாட்ஸ்னே இருக்கட்டும்."

சரின்னுட்டேன்.

அப்புறம், என்னோட அந்த 6க்கு 9 ஜோடி இன்னும் பரண்ல பிளைவுட் தட்டோடவே இருக்கு. ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்ல, குறை எல்லாம் என்கிட்டதான். டிக்கி தனியா இருக்கற வண்டி வெச்சிருக்கறவங்க யாராவது வந்து எடுத்துக்கோங்க. காசு வேண்டாம். வரும்போது டேப் எடுத்துட்டு வாங்க.